தூணடிக் கதிரை

பத்து மணி முப்பத்தைஞ்சு. சிவா அண்ணையின்ரை குசினி மேசையைச் சுத்தி நாலு பேர் இருக்கிறம். மேசையிலை நாலு பேனை, ஒரு தட்டு ரோல்ஸ், ஆறிப்போன தேத்தண்ணி. நான் வேலைக்குக் கொண்டுபோற பையைத் தோளிலை கொழுவிக்கொண்டு, ஒரு பெடியன்ரை பேரைச் சொல்ல வாயைத் திறக்கிறன். சிவா அண்ணை கையை நீட்டி மறிக்கிறார்.

"பொறு பிள்ளை. ராகுகாலம் இன்னும் முடியேல்லை."

"முடிஞ்சுது அண்ணை. உங்கடை சுவரிலை தொங்கிற கலண்டரிலையே கிடக்கு. சனிக்கிழமை ஒன்பதிலையிருந்து பத்தரை மட்டும்."

"அது ஊர்க் கலண்டர். ஊரிலை சூரியன் ஆறு மணிக்கு எழும்பும், ஆறு மணிக்குப் படுக்கும். இஞ்சை அப்பிடியே? இண்டைக்கு எழும்பினது ஆறு இருபதுக்கு. படுக்கிறது எட்டு மணிக்குப் பிறகு. பகலை எட்டாப் பிரிச்சு நான் விடியவே கணக்குப் பாத்திட்டன். ஒஸ்லோவிலை, எங்கடை ஹொல்ம்லியாவுக்கு இண்டைக்குப் பதினொன்றரை மட்டும் ராகுகாலம்."

எனக்குப் பதினொரு மணிக்கு ரயில். பன்னிரண்டுக்கு வேலை. நான் வேலை செய்யிறது வயசுபோன ஆக்களின்ரை இல்லத்திலை. அங்கை போய் "ராகுகாலம், அதாலை பிந்திப்போச்சு" எண்டு நோர்வேஜியன் மொழியிலை எப்பிடிச் சொல்லுறது?

பேரைச் சொல்லாமல் வெளிக்கிட்டால், முதல் ஆளை எடுக்கிற உரிமை கையை விட்டுப் போயிடும். அது போனால் நான் நாலாவது வருசமும் தூணடியிலைதான்.

எங்கடை வரிசை

தூணடி எண்டால் என்னெண்டு சொல்லவேணும்.

எங்கடை கிளப்பின்ரை ஐஸ் ஹொக்கி மண்டபம் பழசு. கூரையைத் தாங்கிக்கொண்டு ஒரு கொங்கிறீற் தூண் நடுவிலை நிக்குது. அந்த வரிசையிலை எங்களுக்கு அடுத்தடுத்து நாலு கதிரை, முழு சீசனுக்கும். மூண்டு கதிரை அந்த மாதிரி, முழு ஐஸும் வடிவாத் தெரியும். நாலாவது தூணுக்கு நேர் பின்னாலை. அதிலை இருந்தால் இடப்பக்கத்துக் கோல் தெரியாது, அதுக்கு முன்னாலை இருக்கிற ஐஸும் தெரியாது. தெரியிறது மிச்ச ஐஸும், ஆட்டக்காரர் குந்தியிருக்கிற வாங்கும்தான்.

கோல் விழுந்தால் முழு மண்டபமும் எழும்பிக் கத்தும். நான் பக்கத்திலை திரும்பி "ஆர் அடிச்சது?" எண்டு கேப்பன். மூண்டு வருசமா இதே கேள்வி.

நாலு பேரும் ஆரெண்டால், முதல் ஆள் சிவா அண்ணை. எண்பதுகளிலை நோர்வேயின்ரை வடக்கு முனையிலை இருக்கிற பாட்ஸ்பியோர்ட்டிலை மீன் வெட்டினவர், பிறகு ஒஸ்லோவிலை பஸ் ஓட்டி இப்ப பென்சன் எடுத்திட்டார். ரண்டாவது பிரபு, மதுரைப் பெடியன், கொம்பியூட்டர் வேலை. எங்களோடை கதைக்கேக்கை ஓம் எண்டு சொல்லப் பழகியிருக்கிறான், ஆனால் பதட்டம் வந்தால் "ஆமாக்கா" எண்டுதான் வரும். மூண்டாவது என்ரை மனுசன் யோகன், ட்ரிக், அதுதான் ட்ராம் வண்டி, ஓட்டுறவர். நாலாவது நான்.

இவரைப் பற்றி ஒண்டு சொல்லியே ஆகவேணும். முப்பது வருசம் என்னோடை குடும்பம் நடத்தின மனுசன். மூண்டு சீசன் நான் தூணுக்குப் பின்னாலை கொக்கு மாதிரிக் கழுத்தை நீட்டி நீட்டிப் பாக்கிறன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், "நீ இஞ்சாலை வாவன், நான் அங்கை இருக்கிறன்" எண்டு கேட்டவரோ? இல்லை. "சட்டம் சட்டம்தானே வசந்தி" எண்டு வாஃபிளைக் கடிச்சுக்கொண்டு இருப்பார்.

சட்டம்

எனக்கு ஹொக்கி பிடிச்சது துடைப்பத்தாலை. நோர்வேக்கு வந்து கிடைச்ச முதல் வேலை அந்த மண்டபத்தைக் கூட்டித் துடைக்கிறது. கீழை பெடியள் பயிற்சி செய்வினம், நான் மேலை கதிரையளுக்கு நடுவிலை கூட்டிக்கொண்டு பாப்பன். ஐஸிலை சப்பாத்துக் கத்தி கீறுற சத்தமும், பந்துக்குப் பதிலா அடிக்கிற ரப்பர் வட்டு பலகையிலை மோதுற சத்தமும் எனக்கு இண்டைக்கும் காதிலை கேக்கும். ஒரு வருசத்திலை வேலை மாறிப்போச்சு, பைத்தியம் மாறேல்லை.

இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது பிரபு. அமெரிக்கா, கனடாப் பக்கம் நடக்கிற பெரிய லீக்கிலை, ஒவ்வொரு ஜூன் மாசமும் கிளப்புகள் முறை வைச்சு உலகம் முழுக்க இருக்கிற பதினெட்டு வயதுப் பெடியளைத் தெரிவு செய்யும். அதுக்கு ட்ராஃப்ட் எண்டு பேர். நல்ல பெடியள் முதல் சுற்றிலை போயிடுவினம். எங்கடை நோர்வேப் பெடியள் ஒண்டு ரண்டு கடைசிப் பக்கத்திலை எடுபட்டாலே பெரிய விசயம்.

நாங்கள் என்ன செய்யிறமெண்டால், அதுக்கு ஒன்பது மாசம் முன்னம், செப்டெம்பரிலை, எங்கடை சின்ன ட்ராஃப்டை வைக்கிறம். நோர்வேயிலை விளையாடுற பெடியளிலை ஆளுக்கு ஒருத்தர். ஜூனிலை ஆற்றை பெடியன் முன்னுக்கு எடுபடுறானோ அவருக்கு அடுத்த சீசன் நல்ல கதிரை. ஒருத்தரும் எடுபடாட்டி, பெரியவையின்ரை அணியிலை ஆற்றை பெடியன் கூட ஆட்டம் ஆடினவன் எண்டு பாப்பம். கடைசியா வாறவருக்குத் தூணடி. ஆனால் தூணடியிலை இருக்கிறவர் அடுத்த முறை முதலாவதா ஆளை எடுக்கலாம். ஜனவரி முடியிறதுக்குள்ளை ரண்டு பேர் சம்மதிச்சால் ஆளை மாத்தலாம். அதோடை ஒரு வரி: நேரிலை இல்லாதவருக்கு முறை இல்லை.

அந்தக் கடைசி வரியிலைதான் நான் அண்டைக்கு மாட்டுப்பட்டது.

ராகுகாலம் இல்லாத ஊர்

சிவா அண்ணை விசர்க்கதை கதைக்கிற ஆள் இல்லை. வடிவான, நிதானமான மனுசன். பஸ்ஸிலை ஒரு நாளும் ஒருத்தரையும் விட்டிட்டுப் போகாதவர் எண்டு ஹொல்ம்லியாவிலை பேர். ஆனால் நேரம் பாக்கிறதிலை மட்டும் அசையமாட்டார்.

கோடையிலை ஒஸ்லோவிலை பகல் நீளம், அதாலை ராகுகாலமும் ரண்டு மணித்தியாலத்துக்கு மேலை இழுபடும். மார்கழியிலை முக்கால் மணித்தியாலத்திலை முடிஞ்சிடும். வீடு வாங்கிறது, கார் எடுக்கிறது எல்லாத்தையும் மார்கழியிலை செய்யுங்கோ எண்டுதான் அவர் எல்லாருக்கும் சொல்லுறது.

"அப்ப பாட்ஸ்பியோர்ட்டிலை என்ன செய்தனீங்கள் அண்ணை?" எண்டு ஒரு முறை கேட்டன். "அங்கை மாரியிலை ரண்டு மாசம் சூரியனே எழும்பாதே."

"சூரியன் எழும்பாட்டி எங்கத்தையான் ராகுகாலம்? அங்கை அந்தக் கவலையே இல்லை. அதாலைதான் பிள்ளை, அந்தக் குளிருக்குள்ளை ஒரு விரல் வெட்டுப்படாமல் நாங்கள் மீன் வெட்டினது."

சிரிப்பு வந்தாலும் எதிர்த்துக் கதைக்க ஏலாது. பத்து விரலையும் விரிச்சுக் காட்டுவார்.

என்ரை கொப்பி

அப்ப நான் ஆரை எடுக்கப் பாத்தன்?

எனக்கு ஆட்டக்காரரின்ரை பேர் வாயிலை நுழையாது. நானே பேர் வைப்பன். கோபக்காரன், நெட்டை, பாதிரியார். இந்தப் பெடியன் கொக்கு. தடுத்து விளையாடுறவன். கால் நீளம், பின்பக்கமா ஓடேக்கை முழங்காலை மடிச்சு, ஆறுதலா, ஒரு காலிலை நிக்கிற மாதிரி ஓடுவான். அந்த வருசம் அவன் கோல் அடிச்சதே இல்லை. பேப்பரிலை பேர் வந்ததும் இல்லை.

ஆனால் ஆட்டம் பாக்கேக்கை நான் எழுதி வைக்கிற கொப்பியிலை மூண்டு பக்கம் அவன்தான். "வட்டு அங்கை கிடக்கு. கொக்கு இஞ்சை. ரண்டு தரம் தோளுக்கு மேலாலை திரும்பிப் பாத்தான். மூண்டு அடி பின்னுக்குப் போனான். எதிராளி பிறகுதான் அங்கை வந்தான்." இப்பிடியே ஒவ்வொரு ஆட்டத்துக்கும். பிழை வாற இடத்துக்குப் பிழைக்கு முன்னமே போய் நிக்கிற பெடியன். வாங்குக்குத் திரும்பி வரேக்கை கடைசி ஆளா வருவான், வந்து தண்ணிப் போத்தலை முதல்லை பக்கத்திலை இருக்கிறவனுக்குக் குடுப்பான்.

சிவா அண்ணைக்குக் கோபக்காரன்தான் வேணும், கோல் அடிக்கிறவன் எண்டபடியாலை. இவருக்கு நெட்டை, உயரத்துக்கு அமெரிக்காக்காரர் மயங்குவினம் எண்டு ஒரு நம்பிக்கை. பிரபு மட்டும் வாய் திறக்கேல்லை. அவன்ரை போனிலை எத்தினை நிமிசம் ஆடினான், எத்தினை தரம் அடிச்சான் எண்டு ஒவ்வொரு பெடியனுக்கும் முப்பது இலக்கம் கிடக்கும்.

திரும்ப அந்தக் குசினி

"அக்கா, லேட்டாகுது பாருங்க, நீங்க கிளம்புங்க" எண்டான் பிரபு. "வேலை முக்கியம்க்கா."

அந்தக் கரிசனை எனக்குப் பிடிக்கேல்லை. மூண்டு வருசத்திலை இவன் என்ரை வேலையைப் பற்றி ஒரு முறையும் கவலைப்பட்டதில்லை. எனக்கு அடுத்த முறை அவன்ரை. அவன்ரை முப்பது இலக்கத்துக்குள்ளையும் கொக்கு நிக்கிறான் எண்டு எனக்கு அப்பவே விளங்கிப்போச்சு.

"இஞ்சருங்கோ, நீங்கள் ஒண்டும் சொல்லமாட்டியளோ?" எண்டு இவரைப் பாத்தன்.

"நான் என்னத்தைச் சொல்லுறது? சட்டமும் சரி, ராகுகாலமும் சரி" எண்டார் இவர். உதவி எண்டால் இப்பிடி எல்லோ இருக்கவேணும்.

மணிக்கூட்டைப் பாத்தன். ஸ்ரேசனுக்கு நடக்கப் பத்து நிமிசம். நான் ராகுகாலத்தை நம்பாத ஆள் இல்லை. என்ரை கலியாணத்துக்குக் கூறை எடுக்கப் போனதே நேரம் பாத்துத்தான். ஆனால் அந்தத் தூணிலை இருக்கிற வெடிப்பு ஒவ்வொண்டும் எனக்குப் பாடம். இன்னொரு வருசம் அதைப் பாக்க என்னாலை ஏலாது.

"கொக்கு" எண்டன். "எழுதுங்கோ. நான் போட்டு வாறன்."

பிரபு தலையிலை கையை வைச்சான். சிவா அண்ணை கண்ணை மூடிக்கொண்டு, "ராகுகாலத்திலை எடுத்த பெடியன் பிள்ளை, கவனம்" எண்டு மட்டும் சொன்னார். நான் ஒரு ரோல்ஸைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்கு ஓடினன்.

கொக்கை இறக்கினது

ஆறு கிழமை போகேல்லை. பயிற்சியாளர் கொக்கைப் பெரியவையின்ரை அணியிலையிருந்து எடுத்துத் திரும்பவும் இளையோர் அணிக்கு அனுப்பிப்போட்டார். அவன்ரை இடத்துக்கு சுவீடனிலையிருந்து அனுபவமான ஆள் ஒருத்தர். சிவா அண்ணை என்னைப் பாத்த பார்வை இருக்கே, அதுக்கு அவர் நாலு வார்த்தை பேசியிருக்கலாம்.

எனக்கு உள்ளுக்குள்ளை பயம் பிடிச்சிட்டுது. என்ரை அவசரத்தாலை அந்தப் பிள்ளையின்ரை வாழ்க்கையிலை ஏதும் விழுந்திட்டுதோ எண்டு கூட யோசிச்சன். அவனுக்கு என்னை ஆரெண்டே தெரியாது. ஆனாலும் கோயிலுக்குப் போகேக்கை அவன்ரை பேரிலை ஒரு அர்ச்சனை செய்விச்சன். ஐயர் நட்சத்திரம் கேட்டார். தெரியாது எண்டன். பேர் கேட்டார். அதை என்னாலை வடிவாச் சொல்ல முடியேல்லை. கடைசியிலை சாமியின்ரை பேரிலையே செய்தார்.

ஜனவரி கடைசிக் கிழமை பிரபு வீட்டை வந்தான்.

"அக்கா, மாத்திக்கலாமா? நான் என் பாதிரியாரைத் தரேன். அவன் முழு சீசனும் பெரியவங்க டீம்ல ஆடுறான். சேஃப். உங்க கொக்கை எங்கிட்ட குடுத்துடுங்க. நான் ராகுகாலம்லாம் பாக்கிறதில்ல."

"நல்ல மாற்றம் வசந்தி" எண்டார் இவர் சோபாவிலை இருந்துகொண்டு. "பாதிரியார் இருந்தால் நீ கடைசியா வரமாட்டாய்."

உண்மைதான். பாதிரியாரை வாங்கினால் தூணடி நிச்சயமா இல்லை. ஒரு நாள் தவணை கேட்டன்.

அடுத்த நாள் ஞாயிறு மத்தியானம் இளையோரின்ரை ஆட்டம். மண்டபத்திலை தாய் தேப்பன்மார் இருபது பேர். எங்கை வேணுமெண்டாலும் இருக்கலாம். நான் பழக்கதோசத்திலை நேரை போய்த் தூணடியிலை குந்திவிட்டன். கோப்பியை ஊதி ஊதிக் குடிச்சுக்கொண்டு பாத்தன். வட்டு தூணுக்கு அங்காலை எங்கையோ கிடக்கு. இஞ்சாலை கொக்கு ரண்டு தரம் திரும்பிப் பாத்தான். மூண்டு அடி பின்னுக்குப் போனான். முகத்திலை ஒரு கோபம் இல்லை, இறக்கிப்போட்டினம் எண்ட சலிப்பு இல்லை. வாங்குக்குக் கடைசியா வந்தான், தண்ணிப் போத்தலைப் பக்கத்திலை குடுத்தான்.

எனக்குக் கண் கலங்கிப்போச்சு. ஏனெண்டு கேட்டால் தெரியாது.

பிரபுவுக்கு அங்கையிருந்தே தகவல் அனுப்பினன்: மாற்றம் இல்லை.

ஜூன் மாசத்துப் பின்னேரம்

ட்ராஃப்டின்ரை கடைசிச் சுற்றுகள் ஒஸ்லோ நேரத்துக்குச் சனி பின்னேரம். சிவா அண்ணையின்ரை பல்கனியிலை வெய்யில் கண்ணைக் குத்துது. பிரபு தன்ரை லப்டொப்புக்கு மேலை ஒரு துவாயைப் போட்டு நிழல் குடுத்துக்கொண்டு பேர்களை வாசிக்கிறான். கோபக்காரன் இல்லை. பாதிரியார் இல்லை. நெட்டை மார்கழியிலையே முழங்கால் போய் வீட்டை இருக்கிறான், அதாலை இவர் முதலே வாயை மூடிக்கொண்டு இருந்தார்.

கடைசிச் சுற்று. நான் உள்ளை போய்ப் பிளேன்ரீ ஊத்திக்கொண்டு நிக்கிறன்.

"அக்கா" எண்டு பிரபு கூப்பிட்டான். "வாங்கக்கா. இந்தப் பேரை நீங்களே வாசிங்க."

வாசிச்சன். எழுத்துக் கூட்டி வாசிச்சன். அண்டைக்குத்தான் கொக்கின்ரை முழுப் பேர் முதல் முறை என்ரை வாயிலை ஒழுங்கா வந்தது.

சிவா அண்ணை எழும்பி வந்து என்ரை தலையிலை கையை வைச்சார். "பத்தரை எண்ட ஊர்க் கலண்டரும் சரியாத்தான் இருக்குமோ பிள்ளை" எண்டார். அந்த மனுசன்ரை வாயிலையிருந்து இப்பிடி ஒரு வார்த்தை வர அவர் எவ்வளவு யோசிச்சிருப்பார் எண்டு எனக்குத் தெரியும்.

நல்ல கதிரை

செப்டெம்பரிலை நான் நடுக்கதிரையிலை ராசாத்தி மாதிரி இருந்தன். நெட்டையாலை கடைசியா வந்த இவர் தூணடியிலை. முதல் ஆட்டத்திலை மூண்டு கோல், மூண்டையும் என்ரை ரண்டு கண்ணாலை பாத்தன். தொண்டை கட்டுமட்டும் கத்தினன். "ஆர் அடிச்சது?" எண்டு பக்கத்திலை இருந்து ஒரு குரல் கேட்டுது. இவர்தான். எவ்வளவு புழுகமா, சந்தோசமா இருந்தது எண்டு சொல்ல ஏலாது.

ஒரு மாசம் கழிச்சு ஒரு நாள் வீட்டிலை கொப்பியை எடுத்தன். "கோல். நல்ல கோல். இன்னொரு கோல். வாஃபிள் நல்லம்." இவ்வளவுதான். ஒரு பெடியனைப் பற்றியும் ஒரு வரி இல்லை.

அப்பதான் மண்டையிலை அடிச்ச மாதிரி விளங்கிச்சு. நல்ல கதிரையிலை இருந்தால் கண் வட்டுக்குப் பின்னாலை ஓடும். அதை மறிக்க ஏலாது, எல்லாற்றை கண்ணும் அங்கைதான். தூணடியிலை பாதி நேரம் வட்டுத் தெரியாது. வேறை வழியில்லாமல், வட்டு இல்லாத பெடியன் என்ன செய்யிறான் எண்டு பாத்துக்கொண்டு இருக்கவேணும். கொக்கைக் கண்டுபிடிச்சது நான் இல்லை. அந்தக் கொங்கிறீற் தூண்.

அடுத்த ஆட்டத்திலை இவருக்குப் பக்கத்திலை போய், "எழும்புங்கோ, நீங்கள் நடுவிலை இருங்கோ, நான் இஞ்சை இருக்கிறன்" எண்டன்.

இவர் என்னை ஏறிட்டுப் பாத்தார். எழும்பி நடுக்கதிரைக்குப் போனார். சிவா அண்ணை "பாத்தியே யோகன், பொம்பிளை எண்டால் இதுதான்" எண்டார். பிரபு "கிரேட்க்கா" எண்டான். இடைவேளைக்கு இவர் போய் வாஃபிள் வாங்கிவந்து, ஜாமைப் பூசி என்ரை மடியிலை வைச்சார். அண்டையிலையிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வைக்கிறார்.

வீட்டை வரேக்கை ரயிலிலை யன்னலைப் பாத்துக்கொண்டு மெல்லமாச் சொன்னார்: "மூண்டு வருசம் நான் உன்னட்டைக் கதிரை மாறுவமோ எண்டு ஒருக்காக் கூடக் கேக்கேல்லை, என்ன?"

எனக்கு அந்த இடத்திலை உண்மையைச் சொல்ல வாய் வரேல்லை. அவர் அப்பிடிக் கேட்டது முப்பது வருசத்திலை முதல் தரம். அதைக் கெடுக்க மனம் இல்லை. "அதுக்கென்ன" எண்டு மட்டும் சொன்னன். சொல்லிப்போட்டு இவ்வளவு நாளும் வாஃபிளும் தின்னுறன், குற்ற உணர்ச்சியும் படுறன்.

இவர் நான் இந்தப் பத்திரிகையிலை எழுதிறது ஒண்டும் வாசிக்கிறதில்லை எண்டு எல்லாருக்கும் சொல்லித் திரியிறவர். ஆனால் ஒவ்வொரு கிழமையும் ட்ரிக் கடைசித் தரிப்பிலை ஏழு நிமிசம் நிக்கேக்கை, இந்தப் பத்திரிகையைக் கைப்பிடிக்குப் பக்கத்திலை மடிச்சு வைச்சு வாசிக்கிறது எனக்குத் தெரியும். அதாலை அந்தத் தரிப்பிலை வைச்சே சொல்லிப்போடுறன்.

இஞ்சருங்கோ, நான் உங்களிலை இரக்கப்பட்டு எழும்பேல்லை. அந்தக் கதிரைக்காகத்தான் எழும்பினனான். வாஃபிளை நிப்பாட்டுறதெண்டால் நிப்பாட்டுங்கோ, அது நியாயம். ஆனால் தூணடியைத் திருப்பித் தா எண்டு மட்டும் கேக்காதேங்கோ. இந்த முறையும் ஒரு பெடியன் இருக்கிறான், கொப்பியிலை நாலு பக்கம் போயிட்டான். மாற்றம் இல்லை.